உலர்ந்த பின்னல்கள்

சிவப்புத் தொப்பி போட்டிருந்த பெண்பிள்ளைகளின் பின்னல்கள் உலர்ந்திருந்தன. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

நான் கொட்டாஞ்சேனைக்குப் போய் மதியச் சோற்றுப் பார்சல்களை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் திரும்பியிருந்தேன். மரத்தடியில் பிள்ளைகள் பார்சலுக்குக் காத்திருந்தார்கள். ஆண்பிள்ளைகள் எல்லோரும் நனைந்த காகங்களைப் போல இருந்தார்கள். பெண்பிள்ளைகளின் உடுப்பு நனைந்திருந்தது, தலை நனையவில்லை. தொப்பிக்குக் கீழே தொங்கிய பின்னல்களில் காலையில் வைத்த எண்ணெய் அப்படியே மினுங்கியது.

மட்டக்குளியில் களனி ஆறு கடலோடு சேர்வதற்குச் சற்று முன்னால் தண்ணீர் கரைக்குள் வளைந்து ஒதுங்கும் இடம் ஒன்று உண்டு. ஆகஸ்ட் விடுமுறைக்கு ஓர் இளைஞர் மன்றம் அங்கே பிள்ளைகளுக்குக் கனூ ஓட்டப் பழக்கியது. பொறுப்பாளர் மெல்ரோய், துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்பவர். அவருக்கு உதவியாக ஜனா அண்ணாவும் நானும். ஜனா அண்ணா வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்காரர். பாடசாலையில் துடுப்புப் பிடித்தவள் என்று சொல்லி என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். நான் பின்னேரங்களில் கணக்காய்வு வகுப்புக்குப் போகிறேன். பகல் சும்மாதான் இருந்தது.

அங்கே ஒரு நடைமுறை இருந்தது. வருகிற பிள்ளைக்கு முதலில் மஞ்சள் தொப்பி. மஞ்சள் தொப்பிக்காரர் மிதவைக் கயிற்றுக்கு உள்ளே, எங்களில் ஒருவர் படகில் இருக்கத்தான் துடுப்புப் போடலாம். தனியாக ஓட்டச் சிவப்புத் தொப்பி வேண்டும், அதற்குக் கவிழ வேண்டும். லைஃப் ஜாக்கெட்டோடு பிள்ளையைக் கனூவில் இருத்தி, இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே படகைப் புரட்டிவிடுவோம். பிள்ளை தண்ணீருக்குள் எல்லாவற்றையும் கைவிட்டு, படகுக்கு வெளியே வந்து, கவிழ்ந்த படகை ஒரு கையால் பிடித்து, மற்றக் கையை உயர்த்திக் காட்ட வேண்டும்.

கேட்க இலகுவாக இருக்கும். ஆனால் லைஃப் ஜாக்கெட் ஆளை மேலே தூக்கும். கவிழ்ந்த படகுக்குள் அகப்பட்ட பிள்ளையை அது படகின் அடியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். மேலே வருவதற்கு அந்தப் பிள்ளை முதலில் கீழே போக வேண்டும். இதை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. ஒருமுறையாவது தலை தண்ணீருக்குக் கீழே போனால்தான் உடம்புக்குப் பிடிபடும்.

அதனால்தான் பின்னல்களைப் பார்த்தேன்.

சுரேகாவுக்குப் பார்சலைக் கொடுத்தேன். பதின்மூன்று வயது, பாமன்கடைப் பிள்ளை. இடுப்புக்குக் கீழே வரும் இரட்டைப் பின்னல்.

"படகு கவிழ்த்தவையா?"

"ஓம் அக்கா. பாஸ்."

"தலை காய்ஞ்சிட்டுதோ?"

அவள் பக்கத்தில் இருந்த யூஜினாவைப் பார்த்தாள். யூஜினா கொட்டாஞ்சேனைக்காரி, எதற்கும் பதில் வைத்திருப்பவள்.

"நல்ல வெயில் தானே அக்கா," என்றாள். "பருப்புக் கறி வடியுது, பாருங்க."

என் தலைமயிர் சுரேகாவுடையதில் பாதிதான். காலையில் முழுகினால் பின்னேர வகுப்பிலும் கழுத்து ஈரமாக இருக்கும்.

நான் முதலில் சந்தேகப்பட்டது மெல்ரோயை. சனிக்கிழமை பெற்றோர் வருகிறார்கள், பிள்ளைகள் தனித்தனிக் கனூவில் எதிரே அக்கரையில் உள்ள மணல்திட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்று அவர்தான் சொல்லியிருந்தார். எல்லோருக்கும் சிவப்பு வர வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இருந்தது. ஆனால் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. முதல் வாரம் ஒரு பின்னேரம் அவர் லைஃப் ஜாக்கெட்டுகளை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோவதைக் கண்டு, விற்கிறாரோ என்று ஜனா அண்ணாவிடம் கேட்டிருந்தேன். அது மெல்ரோயின் காதுக்குப் போய்விட்டது. உப்பு போக நல்ல தண்ணீரில் அலசுவதற்கு அவர் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அன்றிலிருந்து எனக்கு சீஐடி என்று பெயர்.

"என்னங்க சீஐடி நங்கி, இன்டைக்கு யாரு மேல கேஸ்?" நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை. காலையில் என்னைக் கண்டால் அவர் கேட்பது இதுதான். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள்.

ஆகவே ஜனா அண்ணாவிடம் மட்டும் மெதுவாகக் கேட்டேன். பெண்பிள்ளைகளின் கவிழ்ப்பை யார் பார்த்தது?

"நான்தான். மெல்ரோய் மற்றப் பக்கம் பெடியளோட நிண்டவர். ஏன்?"

"தலை நனையேல்லை. அதான்."

"யது, நீ பாணுக்குள்ளயும் கல்லுத் தேடுற ஆள்," என்று சிரித்தார். "எல்லாரும் பாஸ். போய்ச் சாப்பிடு."

அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்களைவிட எனக்குத்தான் எப்போதும் ஏதோ பிழையாகத் தெரிகிறது. ஜனா அண்ணாவுடைய கண்ணை நம்பாமல் நான் யாருடைய கண்ணை நம்புவது?

அடுத்த நாள் நான் ஆண்பிள்ளைகளோடு நின்றேன். பயிற்சி முடிந்து வந்தபோது மரத்தடியில் நின்ற பெண்பிள்ளைகளின் தலையெல்லாம் நனைந்திருந்தது. ஒருத்தியினதுகூடத் தப்பவில்லை.

"இண்டைக்கு விழுந்தனாங்கள் அக்கா," என்றாள் சுரேகா, நான் கேட்காமலே.

லைஃப் ஜாக்கெட்டுகளைக் கயிற்றில் காயப்போடுவது என் வேலை. ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டேன். கழுத்துப் பட்டிகள் காய்ந்திருந்தன. உள்பக்கம் கையை விட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. தண்ணீருக்குள் விழுந்த பிள்ளையின் தலை நனையும்போது ஜாக்கெட் நனையாமல் இருக்க வழியில்லை.

இளைஞர் மன்ற மண்டபத்துக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது. மரத்தடியிலிருந்து அங்கே சொட்டுச் சொட்டாக ஈரம் போயிருந்தது. நான் போனபோது கடைசியாக ஒருத்தி குனிந்து நின்றாள். யூஜினா பிளாஸ்டிக் கோப்பையால் அவளுடைய தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, சீஐடி!" என்று கோப்பையைக் கீழே போட்டாள்.

"யார் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல்ல அக்கா. சூடு தானே. ஷாம்பூ மட்டும்தான் போடல்ல."

அவள் சிரித்துப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திவிட்டாள். பிள்ளைகள் பொய் சொன்னது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வெயிலில் காய்ந்தது என்ற பதிலை நான் நம்பவில்லை என்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்? அதை நான் ஒரேயொருவரிடம்தான் சொல்லியிருந்தேன்.

வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜனா அண்ணாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கோல்பேஸ் கடற்கரையைத் தாண்டிய பிறகு கேட்டேன்.

"பெண்பிள்ளையளைக் கவிழ்த்தனீங்களோ, இல்லையோ?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"தண்ணிக்குள்ள இறக்கினனான். கழுத்தளவு மிதந்தவை. பக்கத்தில படகைப் புரட்டிப் போட்டு, பிடிக்கச் சொன்னனான். பிடிச்சவை. கை காட்டினவை."

"தலை கீழ போகேல்லை."

"உனக்கென்ன தெரியும்? கனகேஸ்வரி அன்ரி முதல்நாளே போன் எடுத்திட்டா. தம்பி, சுரேகாவுக்குப் பீனிசம், தலை முழுக்காட்டிப் போடாதையும், பின்னேரம் கணித வகுப்பு, ஈரத்தலையோட ஏசி அறைக்குள்ள இருக்க ஏலாது எண்டு. பிறகு மற்றத் தாய்மார் ஒவ்வொருத்தரா. ஒண்டுக்குப் பீனிசம், ஒண்டுக்குக் காய்ச்சல் விட்டு ஒரு கிழமைதான், ஒண்டுக்கு அந்த மயிர் காய அரைநாள் வேணும். நான் என்ன செய்ய?"

"மெல்ரோய் அண்ணாவிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அவர் கவிழ்க்காமல் தொப்பி குடுக்கமாட்டார். கவிழ்த்தா தாய்மார் விடமாட்டினம். ஒரு பெண்பிள்ளையும் மிஞ்சாது. நீயும் பெண்பிள்ளைதானே, அதை விரும்புறியோ? லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கினம். தாழ ஏலாது. ஒண்டும் நடக்காது."

ஒன்றும் நடக்காது என்று எனக்கும் சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மையும்கூட. என் அம்மாவும் இதே போனை எடுத்திருப்பார்.

அன்று வகுப்பில் விரிவுரையாளர், கையொப்பம் இருப்பதால் மட்டும் வேலை நடந்துவிட்டதாகக் கொள்ள முடியாது என்று பலகையில் எழுதினார். எனக்குச் சிவப்புத் தொப்பிகள்தான் நினைவுக்கு வந்தன. மறுநாள் வெள்ளிக்கிழமை மெல்ரோய்க்குத் துறைமுகத்தில் வேலை, பயிற்சி இல்லை. அவருக்குப் போன் எடுக்கக் கைபேசியை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். என்னிடம் இருந்தது காய்ந்த பட்டியும் ஒரு கோப்பையும்தான். ஜனா அண்ணா மறுத்துவிட்டால்? ஜாக்கெட்டை விற்கிறார் என்று சந்தேகப்பட்ட பிறகு இந்தத் தடவை என்னை யார் நம்புவார்கள்? சொல்லாமல் விட்டு, அக்கரைக்குப் போகிற வழியில் சுரேகா கவிழ்ந்தால்? அங்கே தண்ணீர் இடுப்பளவு இல்லை. பக்கத்தில் நாங்களும் இருக்கமாட்டோம்.

சனிக்கிழமை காலை பெற்றோர் பிளாஸ்கும் ரோல்ஸும் கொண்டு வந்துவிட்டார்கள். கடல் பக்கமிருந்து காற்று எழும்பியிருந்தது. மிதவைக் கயிறு ஒரு பக்கமாக வளைந்து நின்றது. மெல்ரோய் கனூக்களை வரிசையாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

"சொல்லுங்க நங்கி. இன்டைக்கு யாரு மேல கேஸ்?"

"பெண்பிள்ளையள் ஒருத்தரும் படகுக்குக் கீழ போகேல்லை அண்ணா."

அவருடைய சிரிப்பு உடனே போகவில்லை. மெதுவாகத்தான் போனது.

"ஜனா பாத்தாரே."

"அவரைக் கேளுங்கோ."

ஜனா அண்ணா துடுப்புகளோடு வந்தார். மெல்ரோய் கேட்டார். ஜனா அண்ணா என்னைப் பார்க்காமல், "எல்லாரும் தண்ணிக்க இறங்கினவை," என்றார்.

"அது இல்லடா நான் கேக்கிறது."

"பாஸ் எண்டுதானே தொப்பி குடுத்தனான்."

மெல்ரோய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரை நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் என்னை நம்பியிருக்கமாட்டேன்.

"என்னை நம்ப வேண்டாம் அண்ணா," என்றேன். "ஒருத்தியை இருத்திக் கவிழ்த்துப் பாருங்கோ. வெளியில வந்தா நான் இண்டைக்கே வீட்ட போறன்."

மெல்ரோய் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "சுரேகா மகள், இங்க வாங்க. படகுக்குக் கீழ போயிருக்கிறீங்களா?"

சுரேகா ஜனா அண்ணாவைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"போனனான் அங்கிள்."

"சரி. அப்ப இன்னொரு தரம் காட்டுங்க."

அதற்குள் கனகேஸ்வரி அன்ரி வந்துவிட்டார். கையில் பிளாஸ்க்.

"என்ன தம்பி இது? பாஸ் எண்டு சொல்லித் தொப்பியும் தந்திட்டியள். நேத்து வெள்ளிக்கிழமை, சாம்பிராணி போட்டு முழுகின தலை. பின்னேரம் வகுப்பு இருக்கு."

"அன்ரி, தல நனையாம இன்டைக்கு ஒருத்தரும் அக்கரைக்குப் போறதில்ல. அவ்வளவுதான்."

"இவ சொன்னவவோ?" அன்ரி என்னைக் காட்டினார். "பிள்ளை, உமக்கு என்ர மகளில என்ன கோவம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுரேகா தாயின் கையை விட்டுவிட்டுக் கனூவை நோக்கி நடந்தாள். முகம் சிவந்திருந்தது. பொய் சொன்னதற்காகவா, எல்லோரும் பார்த்ததற்காகவா என்று தெரியவில்லை. நான் அவளுடைய ஜாக்கெட் பட்டிகளை இழுத்துப் பார்த்தேன். தோளில் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"கவிழ்ந்த உடனே எல்லாத்தையும் விடும்," என்றேன் அவளுடைய காதுக்குள். "கீழ தள்ளிப் பக்கத்தால வாரும்."

"எனக்குத் தெரியும்," என்றாள்.

மெல்ரோய் ஒரு பக்கம், நான் மறுபக்கம் தண்ணீரில் நின்றோம். அவர் ஒன்று, இரண்டு சொல்லிப் புரட்டினார். படகு பெரிய சத்தத்தோடு கவிழ்ந்தது. பின்னல் ஒன்று தண்ணீரின் மேல் ஒரு கணம் கிடந்து, உள்ளே போனது.

தலை வெளியே வரவில்லை. கையும் வரவில்லை. படகின் அடி உள்ளே இருந்து இடிபட்டது.

நான் மூழ்கினேன். கலங்கல் தண்ணீரில் முதலில் ஜாக்கெட்டின் நிறம்தான் தெரிந்தது. சுரேகா இருக்கைப் பலகையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜாக்கெட் அவளைப் படகின் அடியோடு அழுத்தியிருந்தது. விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு கையைப் பிரித்தால் அது திரும்பிப் போய்ப் பலகையைப் பிடித்தது. அவள் மேலே போகத்தான் முழுப் பலத்தையும் கொடுத்துக்கொண்டிருந்தாள். மெல்ரோய் மறுபக்கத்தில் படகைத் தூக்கினார். நான் அவளுடைய இரண்டு தோள்களிலும் கையை வைத்து என் பாரம் முழுவதையும் போட்டுக் கீழே அழுத்தினேன். பிடி விட்டது. பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு எழும்பினேன்.

அவள் இருமினாள், தண்ணீரைத் துப்பினாள், பிறகு பெரிதாக அழுதாள்.

கனகேஸ்வரி அன்ரி செருப்போடு தண்ணீருக்குள் வந்துகொண்டிருந்தார். என் முதுகில் ஓங்கி ஒரு அடி விழுந்தது.

"தாட்டுப் போட்டாள்! நான் பார்த்துக்கொண்டு நிண்டனான், என்ர பிள்ளையைக் கீழ வைச்சு அமத்தினவள்!"

அவர் கண்டது பொய்யில்லை. படகு ஒரு பக்கம் தூக்கியிருந்தபோது கரையில் நின்றவர்களுக்கு என் கைகள் பிள்ளையைத் தண்ணீருக்குள் அழுத்துவது தெரிந்திருக்கும். மற்றப் பெற்றோரும் என்னை அப்படித்தான் பார்த்தார்கள். இரண்டு நாளாக நான் எல்லோரையும் பார்த்த பார்வை அது.

"அம்மா," என்றாள் சுரேகா இருமலுக்கு நடுவில். "நான்தான் பலகையை விடேல்லை. அக்கா விடச் சொன்னவ."

"நீ முதலே பழகினனீ எண்டாய்?"

"கழுத்தளவுதான் பழகினது. நீங்கதானே தலை நனையக்கூடாது எண்டு சொன்னீங்கள்."

மெல்ரோய் கரைக்கு வந்து ஒரு வாளியை எடுத்தார். ஒவ்வொரு பெண்பிள்ளையின் முன்னாலும் போய் நின்றார். அவர்களே தொப்பியைக் கழற்றி வாளியில் போட்டார்கள். கடைசியாக யூஜினாவினுடையது விழுந்தது.

"தண்ணி ஊத்தினது சும்மா போச்சு," என்றாள் மெதுவாக.

"அக்கரைக்கு இன்டைக்குப் போறதில்ல," என்றார் மெல்ரோய் பெற்றோரிடம். "பெண்பிள்ளைகள் எல்லாரும் கவிழணும். விருப்பமில்லாதவங்க கூட்டிக்கொண்டு போகலாம்."

மூன்று தாய்மார் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜனா அண்ணா சொன்னது அந்த அளவுக்குச் சரி. வாளியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போன ஜனா அண்ணா பிறகு மஞ்சள் தொப்பிகளோடு வந்து ஒவ்வொருவருக்காகக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மெல்ரோய் என்னைச் சீஐடி என்று கூப்பிடவில்லை. அந்தப் பெயர் இல்லாமல் இருந்தது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

கனகேஸ்வரி அன்ரி மகளை மரத்தடியில் இருத்தித் துவாயால் தலையைத் துவட்டினார். போவதற்கு எழும்புவார் என்று எதிர்பார்த்தேன். பாதி துவட்டி நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னொருக்கா இறக்கினா, கையை விடுவாளோ?"

"தெரியாது அன்ரி. அதைத்தான் பார்க்க வேணும்."

"தெரியாதாம்," என்று மகளிடம் சொன்னார். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு இரண்டு பின்னலையும் ஒன்றாகச் சுற்றி உச்சியில் இறுக்கிக் கொண்டையாக முடிந்தார். "பின்னல் கண்ணுக்குள்ள விழுந்தா எப்பிடித் தெரியும் பிள்ளைக்கு? அதையும் நீங்கள் ஒருத்தரும் பார்க்கேல்லை."

உண்மைதான். நாங்கள் பார்க்கவில்லை.

இந்தத் தடவை அவரும் முழங்காலளவு தண்ணீரில் வந்து நின்றார். கனூவையோ மகளையோ அவர் பார்க்கவில்லை. என் கைகளைத்தான் பார்த்தார். எங்கே வைத்தாலும் கண் கூடவே வந்தது. நான் இரண்டு கைகளையும் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டேன்.

மெல்ரோய் புரட்டினார். படகின் அடி ஒருமுறை இடிபட்டது. பிறகு சத்தம் இல்லை. நான் மூழ்கப் போனபோது படகின் மறுபக்கத்தில் கொண்டை தெரிந்தது, அடுத்து முகம். ஒரு கை படகைப் பிடித்தது. மற்றக் கை மேலே வந்தது. கோபத்தோடு உயர்த்தியது போல நேராக நின்றது. யூஜினா கரையில் நின்று விசிலடித்தாள்.

சுரேகா நடந்து வந்ததும் மெல்ரோய் சிவப்புத் தொப்பியை நீட்டினார். அன்ரி அதை இடையில் வாங்கிக்கொண்டார். மகளின் கொண்டையை அவிழ்த்து, விரல்களை உள்ளே விட்டு, மண்டைத்தோல் வரைக்கும் தடவிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். பிடரியைப் பார்த்தார். பிறகு விரல்களை முகர்ந்தார். ஆற்றுச் சேற்றின் நாற்றத்தில் முகத்தைச் சுளித்தார்.

"ஓம், நனைஞ்சிருக்கு," என்று என்னிடம் சொல்லிவிட்டு, தொப்பியைத் தானே மகளின் தலையில் மாட்டினார்.

அடுத்ததாக யூஜினா வந்து கனூவில் ஏறி இருந்தாள். அன்ரி தண்ணீரை விட்டு வெளியே போகவில்லை.